ஆயில் போகும் வழி

பத்தாண்டைத் தாண்டிய டர்போ டீசல் கார் ஆயில் குடிக்கிறது என்ற புகாரோடு பட்டறைக்கு வந்தால், டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, அதனுள் விரலை விட்டுப் பார்த்து, விரலில் பிசுபிசுப்பு தெரிந்தவுடன் டர்போ போய்விட்டது என்று தீர்ப்பளிப்பது இன்று பெரும்பாலான இடங்களில் வழக்கமாகிவிட்டது. இத்தீர்ப்பைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்; அதற்காக உரிமையாளர் கொடுக்கும் தொகையோ அந்தக் காரை விற்றால் கிடைக்கும் விலையில் கணிசமான ஒரு பங்கு. புதிய டர்போ மாட்டிச் சில மாதங்கள் சென்றபின் அதே குழாயில் அதே ஆயில் மீண்டும் தேங்கி நிற்கும்போது, மாட்டிய டர்போ போலி என்றோ எஞ்சினே முடிந்துவிட்டது என்றோ இரண்டாவது தீர்ப்பு வருகிறது. கூரை ஒழுகும் வீட்டில் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கும் என்று கொத்தனார் எவரும் நம்புவதில்லை. அந்த எளிய ஐயப்பாடுகூட மெக்கானிக் தொழிலில் அருகிவருவதால், பழைய டர்போ டீசல் எஞ்சினில் ஆயில் எவ்வழிகளில் போகிறது என்பதையும், அவ்வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துப் பார்க்கும் முறையையும் எழுதிவைப்பது தேவையாகிறது.

இப்புகாருக்குரிய எஞ்சின்களுள் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் முதலில் நினைவுக்கு வருவது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட். ஐரோப்பாவில் 2003இல் அறிமுகமாகி, இந்தியாவில் 2007 முதல் மாருதி ஸ்விஃப்ட்டின் வழியாகப் பரவி, பின்னர் டிசையர், ரிட்ஸ், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் லீனியா, புன்டோ என வெவ்வேறு பெயர்ப்பலகைகளின் கீழ் அமர்ந்த இந்த எஞ்சின், மோட்டார் பத்திரிகைகளில் ‘தேசிய எஞ்சின்’ என்ற பட்டப்பெயரையே பெற்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார்களை அறவே நிறுத்திக்கொண்டதால், அந்நிறுவனத்தின் இத்தகைய கார்களில் இன்று புதியது என்று ஒன்றும் இல்லை. 1248 சிசி கொள்ளளவும், 69.6 மி.மீ. போர் எனப்படும் சிலிண்டர் உள்விட்டமும், 82 மி.மீ. ஸ்ட்ரோக் எனப்படும் பிஸ்டன் நகரும் தொலைவும் கொண்ட இச்சிறிய எஞ்சினின் அடித்தட்டான சம்ப் கொள்ளும் ஆயில் ஏறத்தாழ மூன்று லிட்டரே ஆதலால், ஒரு லிட்டர் குறைந்தாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதாகும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இதில் ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது என்பதால், ஆயில் குறைந்த எஞ்சினில் டர்போவுக்கு முன்பே செயின் சத்தமிடத் தொடங்குவதும் உண்டு. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவது என்று உரிமையாளர்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். அது அழுத்தம் விழுந்த பிறகு எரியும் சுவிட்சோடு இணைந்த விளக்கு, அது எரியும்வரை காத்திருந்தவர்களுக்கு மெக்கானிக் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஆகவே முதல் வேலை அளப்பது. புத்தம் புதிய டீசல் எஞ்சினும் ஓரளவு ஆயிலை எரிக்கவே செய்யும். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரில் விட்டுச்செல்லும் மெல்லிய படலம் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது எரிவது இயற்கை. உற்பத்தியாளர்கள் பலர் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்று கையேட்டில் எழுதிவைத்திருப்பது தம்மைக் காத்துக்கொள்வதற்கான வரம்பு என்றே கொள்ளத்தக்கது. நல்ல நிலையில் உள்ள எஞ்சின், அடுத்த ஆயில் மாற்றம் வரையில் டிப் ஸ்டிக்கின் இரு குறிகளுக்கிடையே நின்றுவிட வேண்டும் என்பது பட்டறை வழக்கு. காரைச் சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஆயில் முழுவதும் சம்ப்புக்கு இறங்கியபின் டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்து, மேல்குறி வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துவைத்து, 1000 கி.மீ. கழிந்தபின் அதே தரையில் அதே முறையில் மீண்டும் பார்த்து, மேல்குறிக்குக் கொண்டுவர ஊற்றிய ஆயிலை அளவுக்குவளையால் கணக்கிட்டால்தான் ‘ஆயில் குறைகிறது’ என்ற சொல்லுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. பெட்ரோல் பங்கில் சரிவான தரையில் நின்ற காரில் டிப் ஸ்டிக் பார்த்த பையன் சொன்ன அளவை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அளவைப் பொய்யாக்கும் காரணங்கள் இரண்டு. குறைகிறது என்ற அச்சத்தில் உரிமையாளர் மேல்குறிக்கும் மேலே ஊற்றிவைத்தால், சுழலும் கிராங்க் ஆயிலின் மேற்பரப்பை அடித்து நுரையாக்கி, அந்நுரை பனிப்படலமாக மேலெழுந்து ப்ரீதர் எனப்படும் காற்றுப்போக்கிக் குழாய் வழியே வெளியேறுகிறது. மிகையாக ஊற்றிய அளவு வேகமாகப் போய்விட்டுப் பிறகு மட்டம் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் அதில் நோய் என்று எதுவும் இல்லை. இதற்கு எதிரானது டீசல் கலப்பது: கசியும் இன்ஜெக்டர் வழியாகவோ, உயர் அழுத்தப் பம்பின் தண்டுச் சீல் வழியாகவோ டீசல் சம்ப்புக்குள் இறங்கினால், எரியும் ஆயிலின் இடத்தை டீசல் நிரப்பிவிடுவதால் டிப் ஸ்டிக் குறையாமல் நிற்கும், சில சமயம் ஏறவும் செய்யும். இத்தகைய காரின் உரிமையாளர் ஆயில் குறைவதே இல்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, நீர்த்துப்போன ஆயிலால் பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கும். மைஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு, கரிய நடுப்பகுதியைச் சுற்றி நிறமற்ற அகன்ற வளையம் பரவுகிறதா என்று பார்ப்பதும், இரு விரலிடையே தேய்த்து முகர்ந்து பார்ப்பதும் இதற்குரிய பழைய சோதனைகள். ஆய்வகத்துக்கு அனுப்பும் வசதி இல்லாத ஊர்களில் இவையே போதும்.

வெளிக்கசிவைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. எஞ்சினின் வெளிப்புறத்தைக் கழுவி, ஒரு நாள் ஓட்டிவிட்டு, டேப்பட் கவர், டைமிங் கவர், கிராங்க் சீல்கள், ஆயில் ஃபில்டர் தாங்கி, டர்போவுக்கு ஆயில் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயின் இணைப்புகள் ஆகியவற்றை விளக்கடித்துப் பார்த்தால் கசிவு தானே முகம் காட்டும். ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. டீசல் எஞ்சினில் பிரேக்குக்கு வேண்டிய உறிஞ்சலைத் தருவதற்குத் தனியாக ஒரு வேக்கம் பம்ப் உண்டு. சில எஞ்சின்களில் கேம் தண்டின் நுனியிலும், பழைய வகைகள் பலவற்றில் டைனமோ என்று பட்டறைகள் அழைக்கும் ஆல்டர்னேட்டரின் முதுகிலும் அமர்ந்துள்ள அந்தப் பம்புக்கும் எஞ்சின் ஆயிலே மசகு. அதன் சீல் தளர்ந்தால் ஆல்டர்னேட்டர் ஆயிலில் குளிக்கும். பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் ஹோஸின் உள்ளே ஆயில் தென்பட்டால் பம்பின் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். டர்போவுக்கு ஆர்டர் கொடுக்குமுன் இந்த ஹோஸை உருவிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

புகையைக் கொண்டு முடிவு செய்வதில் பெட்ரோல் காரில் தொழில் பழகியவர்கள் எளிதில் தடுமாறுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் பாதையில் பலத்த உறிஞ்சல் ஏற்படுவதால், தேய்ந்த வால்வு சீல் வழியாக ஆயில் இழுக்கப்பட்டு, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிறகு மிதிக்கும்போது நீலப்புகை ஒரு கொத்தாக வெளிவரும்; இது அங்கே நம்பத்தக்க அடையாளம். காற்றைத் தடையின்றி விடுவதும், டர்போ கூடுதலாகக் காற்றைத் திணிப்பதுமான டீசல் எஞ்சினில் அத்தகைய உறிஞ்சல் இல்லை என்பதால், இந்த அடையாளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வால்வு சீல்களை மாற்றுவது வீண் செலவு. மேலும் காலையில் குளிர்ந்த டீசல் எஞ்சின் விடும் நீலவெண்புகை, ஹீட்டர் பிளக் வேலை செய்யாமையால் எரியாமல் வெளிவரும் டீசலாகவும் இருக்கலாம். அப்புகை கண்ணைக் கரிக்கும், ஆயில் புகையோ தொண்டையில் கருகல் நெடியாக நிற்கும். கரும்புகை என்பது காற்றுக் குறைவையும் டீசல் மிகுதியையும் சொல்வதே தவிர ஆயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சைலன்சர் பாதையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள கார்களில் சிறிதளவு ஆயில் புகை அதிலேயே எரிந்து மறைந்துவிடுவதால், புகையே இல்லாமல் ஆயில் குறையும் கார்களும் உண்டு. புகைச் சான்றிதழ் வைத்திருக்கிறேன், ஆயில் எப்படிக் குறையும் என்று கேட்கும் உரிமையாளருக்கு, அச்சோதனை ஒளியை மறைக்கும் புகையின் அடர்த்தியை மட்டுமே அளக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.

இனி டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் இந்த அமைப்புக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்றார். அது டீசல் காரில் ஏறி விற்பனைக்கு வந்தது 1978இல், மெர்சிடிஸ் 300 எஸ்டி என்ற காரில். சிறு கார்களின் டர்போ தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழல்வதால் அதைப் பந்து பேரிங்கில் ஏற்றாமல், ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் புஷ்களில் ஏற்றியிருப்பார்கள். இங்கேதான் வெளியார் மட்டுமின்றி மெக்கானிக்குகளும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இருக்கிறது. டர்போவின் ‘ஆயில் சீல்’ என்று சொல்லப்படுவது ரப்பர் சீல் அன்று. பிஸ்டன் ரிங்கைப் போன்ற மிகச் சிறிய இரும்பு வளையம். அது தானாக ஆயிலை அடைத்து நிறுத்துவதில்லை. இரு சக்கரங்களின் பின்புறத்திலும் உள்ள காற்றழுத்தமும் புகையழுத்தமும் நடுப்பகுதியில் உள்ள அழுத்தத்தைவிட மிகுந்திருக்கும்வரைதான் ஆயில் வெளியே வராமல், தன் எடையால் மட்டும் டிரெயின் பைப் வழியே சம்ப்புக்கு இறங்கும். மேலிருந்து பம்ப் அழுத்தத்தோடு வரும் ஆயில், கீழே இறங்கும்போது எந்த உந்துதலும் இன்றி இறங்குகிறது என்பதை மனத்தில் கொள்ளாதவர்களுக்கு டர்போ நோயறிதல் கைவராது.

இதன் விளைவுகள் பல. டிரெயின் பைப்பின் கேஸ்கட்டில் தாராளமாகத் தடவிய பேஸ்ட் உட்புறம் பிதுங்கி வழியைப் பாதி மறைத்தாலும், பைப்பின் உள்ளே ஆயில் கருகிக் கட்டியாகி நின்றாலும், சம்ப்பில் ஆயில் மட்டம் மிகுந்து பைப்பின் வாயைத் தொட்டாலும், டர்போவின் நடுப்பகுதியில் ஆயில் தேங்கி, குறையற்ற வளையத்தையும் தாண்டி வெளியே வரும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றுச் சக்கரத்தின் முன்பக்கம் உறிஞ்சல் கூடி, அதுவும் ஆயிலை இழுக்கும். ஆயினும் இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி காணப்படுவதும், அடிக்கடி தவறவிடப்படுவதும் கிராங்க் அறையின் அழுத்தமே. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிவாயுவை ப்ளோபை என்பர். அது கிராங்க் அறையில் அழுத்தத்தை உண்டாக்கினால், அவ்வழுத்தம் டிரெயின் பைப்பின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கித் தள்ளுவதால் டர்போவின் ஆயில் இறங்க முடியாமல் நிற்கிறது. அத்தகைய எஞ்சினில் எத்தனை புதிய டர்போ மாட்டினாலும் அத்தனையும் ஒழுகும். தேய்ந்த ரிங் மட்டுமே இதற்குக் காரணம் என்றும் சொல்ல முடியாது. இன்ஜெக்டர்கள் டேப்பட் கவருக்குள் அமைந்த எஞ்சின்களில், இன்ஜெக்டரின் அடியில் உள்ள சிறிய செம்பு வாஷர் காற்றுவிட்டால், எரியறையின் வாயு நேரே கவருக்குள் பாய்ந்து அழுத்தத்தையும் கரியையும் சேர்த்தே கொண்டுவரும். சில ரூபாய் விலையுள்ள அவ்வாஷருக்காக எஞ்சினையே மாற்றியவர்கள் உண்டு.

அதே ப்ளோபை வாயு ஆயில் பனியையும் சுமந்துகொண்டு, ப்ரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட பாதையில் சேர்வதே இன்றைய எல்லாக் கார்களின் அமைப்பு. திறந்தவெளியில் விடச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இண்டர்கூலரில் காணப்படும் ஆயில் டர்போவின் வளையத்தைத் தாண்டி வந்ததா, ப்ரீதரிலிருந்து வந்து டர்போவுக்குள் புகுந்து வெளிப்பட்டதா என்பதை அந்தக் குழாயில் விரல் விட்டுப் பார்ப்பதால் அறிய முடியாது. டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் ஆயில் டர்போவை அடையுமுன்பே காற்றில் கலந்துவிட்டது என்பது உறுதி. ஐயம் நீங்காவிட்டால், குழாய்களையும் இண்டர்கூலரையும் கழுவி உலர்த்தி, ப்ரீதர் ஹோஸை ஏர் பைப்பிலிருந்து பிரித்து அதன் துளையை அடைத்து, ஹோஸின் முனையை மூடியில் காற்றுத்துளை இட்ட பாட்டிலுக்குள் விட்டுக் கட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதே வழி. பாட்டிலில் ஆயில் சேர்ந்து குழாய் உலர்ந்திருந்தால் டர்போ நிரபராதி. பாட்டில் ஏறத்தாழ வெறுமையாக இருந்து இண்டர்கூலர் நனைந்திருந்தால் டர்போவையும் அதன் டிரெயின் பைப்பையும் கழற்றலாம். இது சோதனைக்கு மட்டுமே உரிய ஏற்பாடு. பாட்டிலோடு காரை மாதக்கணக்கில் ஓடவிடும் பழக்கமும் சில இடங்களில் தலைகாட்டியிருக்கிறது, அது வைத்தியம் ஆகாது.

அழுத்தத்தை அளக்கவும் பெரிய கருவி வேண்டியதில்லை. லாட வடிவில் வளைத்துப் பலகையில் கட்டிய தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் நிறம் கலந்த தண்ணீரை ஊற்றி, அதன் ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயோடு இணைத்தால், நல்ல எஞ்சினில் தண்ணீர் சில மில்லிமீட்டர் மட்டுமே அசையும், அல்லது ஏர் ஃபில்டர் பக்க உறிஞ்சலால் சற்று எதிர்ப்புறம் சாயும். நோயுற்ற எஞ்சினில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். பஸ், லாரி எஞ்சின்களில் தொழில் பழகி, டர்போ கார்கள் பெருகியபோது கார் பட்டறைகளுக்கு வந்த மூத்த மேஸ்திரிகள் இதுவும் இல்லாமலே, ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதைத் தலைகீழாக வாய்மேல் வைத்து, அது தத்தளிக்கிறதா, தூக்கி எறியப்படுகிறதா என்பதைக் கொண்டே ரிங்குகளின் நிலையைச் சொன்னார்கள். அவர்களுடைய கண்டிப்பு இன்னொன்றிலும் இருந்தது. டர்போ தண்டைக் கையால் அசைத்துப் பார்ப்பவர், பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருப்பது மிதக்கும் புஷ்ஷின் இயல்பு என்றும், முன்னும் பின்னும் கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தாலோ, சக்கரத்தின் இதழ்நுனி கூட்டைத் தொட்ட தடம் இருந்தாலோதான் கேடு என்றும் அறிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். இன்று ஆடுகிறது என்ற ஒரே சொல்லால் நல்ல டர்போக்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

உண்மையிலேயே டர்போ கெட்டிருந்தால், இண்டர்கூலரில் தேங்கிய ஆயிலைக் கழுவாமல் புதியதை மாட்டுவது ஆபத்து. டீசல் எஞ்சின் தனக்குள் வரும் ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு, சாவியை அணைத்தபின்னும் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடத் தொடங்கக்கூடும். காற்றை அடைத்தாலோ, பிரேக்கை முழுவதும் மிதித்து மேல் கியரில் கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறடித்தாலோ அன்றி அது நிற்காது. காற்றை அடைக்கக் கையை வைக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும், ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்சொன்ன வழிகள் எல்லாம் அடைபட்டபின்னும் ஆயில் குறையும் எஞ்சின்களே இத்தொழிலின் உண்மையான தலைவலி. வெளிக்கசிவு இல்லை, ப்ரீதர் உலர்ந்திருக்கிறது, டர்போ சுத்தம், மூடி ஆடுவதில்லை, கம்ப்ரஷன் எனப்படும் அழுத்தச் சோதனையிலும் நான்கு சிலிண்டரும் 25 பார் அளவிலோ அதற்கு மேலோ ஒன்றுபோல் நிற்கின்றன. ஆயிலோ 1000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் போகிறது. கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் எஞ்சினில் குறையில்லை என்று சான்று கொடுத்து அனுப்பும் பட்டறைகள், பிஸ்டனில் உள்ள மூன்று ரிங்குகளும் ஒரே வேலையைச் செய்வதாக எண்ணிக்கொள்கின்றன. முதல் ரிங் வாயுவை அடைக்கிறது. இரண்டாவது அதற்குத் துணையாக நின்று ஆயிலையும் வழிக்கிறது. மூன்றாவதான ஆயில் ரிங் சுவரில் தெறித்த ஆயிலை வழித்து, தன் பின்னால் பிஸ்டனில் உள்ள நுண்துளைகள் வழியாகச் சம்ப்புக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆயில் மாற்றும் காலம் தள்ளிப்போனதாலோ, லாரிக்கு வாங்கிய 15டபிள்யூ-40 ஆயிலைக் காருக்கும் ஊற்றியதாலோ, சூடேறுமுன் அணைக்கப்படும் குறுந்தூர ஓட்டங்களாலோ அந்நுண்துளைகள் கரியால் அடைபட்டு, ஆயில் ரிங் தன் காடியிலேயே ஒட்டிக்கொண்டால், மேலிரண்டும் வாயுவை முழுமையாக அடைத்துக்கொண்டிருக்கும்போதே ஆயில் மேலேறி எரிந்துகொண்டிருக்கும். கம்ப்ரஷன் கேஜ் மூன்றாவது ரிங்கைப் பார்ப்பதே இல்லை. பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, எவ்வழியே கசிகிறது என்று காதால் கேட்கும் லீக் டவுன் சோதனையும் இதைக் காட்டாது. பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோலச் சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளப்பதோ டீசலில் பெருந்தவறு. எரியறை மிகச் சிறியதாகையால் விட்ட ஆயிலே இடத்தை அடைத்து அளவைப் பொய்யாக உயர்த்தும், கை சற்று மிஞ்சினால் கனெக்டிங் ராடு வளையும்.

ஆகவே ஆயில் ரிங்கின் நோய் நேரே தெரிவதில்லை. மற்றவை ஒவ்வொன்றாக விலக்கப்பட்டபின் எஞ்சி நிற்பதாகவே அறியப்படுகிறது. ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கும்போது ஒன்றிரண்டின் நுனி மட்டும் ஈரக்கரியோடு இருப்பதும், அத்துளை வழியே மெல்லிய கேமராவைச் செலுத்தும்போது பிஸ்டன் தலையின் விளிம்பு நனைந்து பளபளப்பதும், நெடுஞ்சாலையில் விரைந்து ஓடிய வாரங்களில் ஆயில் கூடுதலாகக் குறைந்திருப்பதும் துணைச்சான்றுகள். நல்ல தரமான ஆயிலை ஊற்றிக் குறுகிய இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவதும், ஹீட்டர் பிளக் துளை வழியே கரி இளக்கும் திரவத்தை ஊறவிடுவதும் சில எஞ்சின்களில் ரிங்கை விடுவிக்கின்றன, பலவற்றில் விடுவிப்பதில்லை. முன்கூட்டியே உறுதி கூறுபவரை நம்ப வேண்டியதில்லை. விடுபடாவிட்டால் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

பிரித்தபின் நடப்பதுதான் இன்னும் வருத்தத்துக்குரியது. சிலிண்டர் சுவர் மேல்பகுதியில், முதல் ரிங் திரும்பும் இடத்தில், கீழ்ப்பகுதியைவிட அதிகம் தேய்வதால், போர் டயல் கேஜ் என்னும் அளவியால் மேல், நடு, கீழ் என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசைகளிலும் அளந்து, தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ஹோனிங் செய்து புதிய ரிங் போடுவதும், மிஞ்சியிருந்தால் லேத் பட்டறையில் போர் செய்து பெரிய பிஸ்டன் போடுவதும் முறை. ஹோனிங் என்பது சுவரில் குறுக்குநெடுக்காகச் சாய்ந்த மெல்லிய கோடுகளைக் கீறுவது. அக்கோடுகளில் தங்கும் ஆயிலே ரிங்குக்கு மசகு. நீண்ட நேரம் ஐடிலில் ஓடி அக்கோடுகள் மழுங்கிப் பளபளத்த சுவரில், அளக்காமல் கீறாமல் புதிய ரிங் செட்டை மாட்டி மூடினால் ரிங் சுவரோடு ஒருபோதும் பொருந்துவதில்லை, ஆயில் முன்னைவிட அதிகமாகக்கூடப் போகும். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்ப்பது ஐடிஐ படிப்பில் இன்னும் கற்பிக்கப்படுகிறது, படித்து வந்தவர்கள் அதைப் பட்டறையில் செய்வதற்குத்தான் யாரும் நேரம் தருவதில்லை.

ஸ்கேனர் வந்தபின் நோயறிதல் எளிதாகிவிட்டது என்று சொல்லப்படுகிறது. மின்னணு வழியாக டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் எஞ்சின்களுக்கு ஸ்கேனர் இன்றியமையாதது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இவ்வகைப் பழைய கார்கள் பலவற்றில் ஆயிலின் அளவை அறியும் சென்சாரே வைக்கப்படவில்லை, ப்ரீதரில் எவ்வளவு ஆயில் போகிறது என்பதை எந்த அலகும் கணினிக்குச் சொல்வதில்லை. ‘கோடு எதுவும் இல்லை’ என்று திரையைக் காட்டும் இளைஞரின் மேல் குற்றம் காண்பதைவிட, அத்திரையைத் தாண்டிப் பார்க்க அவருக்குக் கற்பிக்காத நிர்வாகத்தின் மேல் குற்றம் காண்பதே நேர்மை. பாகங்களைக் கழற்றி மாட்டும் வேலைக்கு நேரக்கணக்கும் ஊக்கத்தொகையும் வைத்துள்ள இடங்களில், எதையும் கழற்றாமல் ஒரு பாட்டிலைக் கட்டி 1000 கி.மீ. காத்திருக்கச் சொல்லும் மெக்கானிக் வேலை செய்யாதவராகவே கணக்கில் வருவார். உரிமையாளர்களும் இதில் பங்குதாரர்களே: முப்பதாயிரம் ரூபாய் டர்போவுக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுப்பவர், டர்போ நன்றாக இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னதற்கு முந்நூறு ரூபாய் கேட்டால், எதுவும் மாட்டவில்லையே, எதற்குப் பணம் என்று கேட்கிறார். பில் எழுதும் மென்பொருளில் உதிரிபாகத்துக்கு ஒரு வரியும், மாட்டுக்கூலிக்கு ஒரு வரியும், ஆயிலுக்கு ஒரு வரியும், ஜிஎஸ்டிக்கு ஒரு வரியும் உண்டு. கண்டறிவதற்கு வரி கிடையாது. இன்னும் இம்முறையை விடாத சில பட்டறைகள் அந்தத் தொகையை ‘வாட்டர் சர்வீஸ்’ என்ற வரியில் சேர்த்து வாங்கிக்கொள்கின்றன.